மூணாம் வீட்டுத் தீ, நாலாம் வீட்டு உலை

கோவில்பட்டிக்குக் கிழக்கே, தீப்பெட்டிக் கம்பெனிச் சுவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அருணாசலம் வளவில், பத்து வீடும் ஒரு முற்றமும் ஒரே ஒரு குழாயும் கொண்ட அந்த வளவில், மூணாம் வீட்டுச் சண்முகக்கனி அடுப்பைப் பற்றவைத்தால் நாலாம் வீட்டு மரியபுஷ்பத்தின் உலை கொதிக்கும் சங்கதி முதன்முதலாக நடந்தது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். ஏன் நடந்தது, எப்படி நடந்தது என்று இன்றுவரைக்கும் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடவும் இல்லை, ஏனென்றால் அந்த வளவில் குழாயில் தண்ணீர் வருவதே பாதி நாள் அதிசயம்தான்.

முதலில் சண்முகக்கனியின் சமையலைச் சொல்லிவிட வேண்டும். அவள் பானையை மூடமாட்டாள். பொங்கலன்று பானை பொங்கி வழிந்தால்தான் குடும்பம் விளங்கும் என்கிறீர்களே, அப்படியானால் மீதி முந்நூற்று அறுபத்துநாலு நாளும் அதன் வாயை அடைத்து வைப்பது என்ன நியாயம் என்று கேட்பாள். ஆகவே திறந்த பானை, முழுத் தீ. கேஸ் அடுப்பின் திருகை அவள் கை கடைசிவரைக்கும் திருப்பும், தீ பானையின் அடியைத் தாண்டி இரண்டு பக்கமும் இடுப்புவரை ஏறி நிற்கும், அதற்குப் பிறகுதான் வெங்காயம் எங்கே என்று தேடுவாள், தேடிப் பிடித்து உரிப்பாள், உரித்துக்கொண்டே வாசலுக்கு வந்து முதல் வீட்டுப் பேராச்சியிடம் நாலு வார்த்தை பேசுவாள், நாலு நாற்பதாகும்; அதுவரைக்கும் அடுப்பு, ஆளில்லாத வீட்டில் டிவி ஓடுகிற மாதிரி, தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். சிக்கனம் என்பது கையில் ஒன்றுமில்லாதவர்கள் கண்டுபிடித்த சமாதானம் என்பது அவள் கட்சி. புருஷன் செல்லச்சாமி லாரி டிரைவர், தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இருபது நாளாகும், கேட்க ஆளும் இல்லை.

அவள் அடுப்படிக்கு ஜன்னல் என்று ஒன்று இருந்தது, ஆனால் அதை ஒட்டிக் கம்பெனிச் சுவர் எழும்பிவிட்டதால் அது ஜன்னல் வடிவத்தில் ஒரு சுவர், அவ்வளவுதான். புகையும் ஆவியும் போக மிச்சமிருந்த வழி மேலே, கூரைக்கு ஒரு முழம் கீழே, இரண்டு செங்கல் அகலத்துக்கு விட்ட ஒரு பொந்து. கட்டிய கொத்தனார் எந்த ஞாபகத்தில் இருந்தாரோ, வெளிச்சுவரில் விடவேண்டிய பொந்தை நடுச்சுவரில் விட்டுவிட்டார். மூணாம் வீட்டு வெக்கை எல்லாம் நாலாம் வீட்டு அடுப்படிக்குள் போய், அங்கே சந்துப் பக்கம் திறக்கிற ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பதினொரு வருஷமாகச் சண்முகக்கனியின் கடுகுப் புகையைப் புஷ்பம்தான் முதலில் தும்மி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புஷ்பம் தீப்பெட்டிக் கம்பெனியில், கட்டைக்கு இவ்வளவு என்கிற கூலிக்கு, சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிறவள். அவள் புருஷன் சூசை வெள்ளையடிக்கப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தான். அந்த ஆடியில் அவள் வீட்டு சிலிண்டர் காலியானது. வாங்கவேண்டிய மாதத்தில் சூசைக்கு முதுகில் புண் வந்து, பணம் மருந்துக்குப் போய், வாங்க முடியாமல் போனது. விறகு வைக்கலாமென்றால், புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் கறுத்துவிடும் என்று வளவுக்காரர் அருணாசலம் விறகுக் கட்டையை வாசலுக்குள்ளேயே விடமாட்டார். அடுப்பெரியாத வீடு என்று பெயரெடுக்க யாருக்கு மனசு வரும்? அவள் என்ன செய்தாளென்றால், பற்றவைக்காத அடுப்பின் மேல் உலைப்பானையை ஏற்றி, தண்ணீர் ஊற்றி, அரிசியைக் களைந்து போட்டு, பக்கத்துச் சுவர்களுக்குக் கேட்கட்டும் என்று அகப்பையால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த நேரத்தில் மூணாம் வீட்டில் சண்முகக்கனி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெங்காயம் தேடப் போயிருந்தாள். நாலாம் வீட்டு உலை கொதித்தது.

புஷ்பம் மூன்று நாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நாலாம் நாள் கருவேப்பிலை கேட்டு உள்ளே வந்த பேராச்சி, கேஸ் ரப்பர் குழாய் கழன்று கிடப்பதையும் பானை குதிப்பதையும் பார்த்தாள். குனிந்து அடியில் பார்த்தாள். கையை நீட்டிப் பார்த்தாள்.

“ஏ புள்ள, அடியில தீயக் காணுமே?”

“தெரியல மதினி. கனி மதினி பத்தவச்சா இங்க கொதிக்கு. அவுக அணைச்சா நின்னுருது.”

“அப்படியா சங்கதி,” என்றாள் பேராச்சி. “அப்ப எங்க வீட்டுப் பாலையும் இதுல ஓரமா வச்சுக்கிடுதேன். கருவேப்பிலை ரெண்டு கொத்துக் குடு.”

அதன்பிறகு வளவு அதற்குப் பழகிக்கொண்டது, மழைக்கு ஓட்டை ஒழுகுகிற இடத்தில் பாத்திரம் வைத்துப் பழகுகிற மாதிரி. சூசையின் கஞ்சி முதலில், அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று பேராச்சி சட்டம் போட்டாள். அது இறங்கியபின் ஆறாம் வீட்டு முட்டை வேகும், எட்டாம் வீட்டுக்காரருக்கு மூட்டுக்கு ஒத்தடம் கொடுக்க வெந்நீர் காயும், ஒன்பதாம் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கீரை வதங்கும். தேவாலயத்துச் சாமியார் வந்து பார்த்து ஆசீர்வாதம் என்றார், பூசாரி வந்து பார்த்து அம்மன் என்றார், சிலிண்டர் போடவந்தவர் தோளிலிருந்து இறக்காமலே எட்டிப் பார்த்து, “எங்களுக்கு இதுல கம்ப்ளைண்ட் ஒண்ணும் வரல,” என்று சொல்லிவிட்டுப் போனார். சண்முகக்கனி தீயைக் கூட்டினால் இங்கே கொதி கூடும், சிம்மில் வைத்தால் இங்கே அடங்கும், வைக்கத்தான் அவளுக்குத் தெரியாதே. நாலாம் வீட்டில் துவரம்பருப்பு இன்னும் மலரவில்லை என்று தெரிந்தால் பேராச்சி நேரே மூணாம் வீட்டு வாசலுக்குப் போய், “ஏ கனி, ஒங்க அண்ணன் மக கல்யாணத்துல அந்தச் சம்பந்தக்காரன் என்ன சொன்னான்னே?” என்று ஆரம்பிப்பாள். அந்தக் கல்யாணக் கதைக்கு அரைப்படிப் பருப்பு வெந்துவிடும்.

சண்முகக்கனியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், அவள் வாய் அப்படி. புஷ்பம் மட்டும் இரண்டு தடவை சொல்லப் போனாள். ஒரு தடவை சண்முகக்கனி போனில் இருந்தாள். இன்னொரு தடவை, “என்ன புஷ்பம், ஏதும் கைமாத்தா?” என்று சண்முகக்கனி முந்திக் கேட்டாள், புஷ்பம் “இல்ல மதினி, சும்மாத்தான்” என்று திரும்பி வந்துவிட்டாள்.

புரட்டாசியில் செல்லச்சாமி ஊருக்கு வந்திருந்தபோது குழாயடியில் யாரோ வாய்விட்டுவிட்டார்கள். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? சண்முகக்கனிக்கு உலை வாயையே மூடிப் பழக்கமில்லை. செல்லச்சாமி மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“பக்கத்து வீட்டுக்கு ரெண்டு மாசமா நீதான் பொங்கிப் போடுதியாமே?”

“நானா? நான் எதுக்குப் போடுதேன்?”

“நீ வீணாக்குற சூட்டுலயே அவுகளுக்கு வெந்துருதாம்ல. ஒரு குடும்பம் சாப்பிடுற அளவுக்கு வீணாக்கியிருக்க. வளவே சொல்லிச் சிரிக்கு.”

சண்முகக்கனிக்கு அந்த நிமிஷத்தில் வந்தது கோபமில்லை, வெட்கம். சேலை அவிழ்ந்தது தெரியாமல் கடைத்தெரு முழுக்க நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டவளின் வெட்கம். பேராச்சி ஏன் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஆறு தடவை கேட்டாள் என்பது விளங்கியது. பேசும்போது ஏன் அவள் கண் நாலாம் வீட்டுப் பக்கமே போய்ப்போய் வந்தது என்பதும் விளங்கியது. ‘கேட்டால் கொடுத்திருக்கமாட்டேனா?’ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொடுத்திருப்பாளா என்பது வேறு விஷயம், அது அவளுக்கே தெரியும், தெரிந்ததால்தான் வெட்கம் இன்னும் கூடியது. வெட்கத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா உட்கார முடியும்? சாயங்காலத்துக்குள் அது வயித்தெரிச்சலாக மாறிவிட்டது.

செல்லச்சாமி மறுபடி லாரியேறிப் போன அந்த வாரம் கல்யாண மண்டபத்தில், கேஸ் சிக்கனம் பற்றிப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பதினொரு வருஷத்தில் எந்தக் கூட்டத்துக்கும் போகாத சண்முகக்கனி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள், ஒன்று விடாமல் கேட்டாள், வீட்டுக்கு வந்து மூன்றே நாளில் ஆளே மாறிப்போனாள். பருப்பை முந்தின இரவே ஊறப்போட்டாள், காய் அத்தனையும் நறுக்கித் தட்டில் பரப்பி வைத்தபிறகுதான் அடுப்புப் பக்கமே திரும்பினாள், அடைத்துக் கிடந்த பர்னர் கண்களை ஊசியால் குத்திக் குத்தி எடுத்தாள், தீ பானையின் அடியைத் தாண்டாமல் கண் வைத்துப் பார்த்தாள், சோறு முக்கால் பதம் வெந்ததும் அணைத்து மிச்சத்தை அதன் சொந்தச் சூட்டிலேயே வேகவிட்டாள். பானைக்கு மூடி போட்டாள். அன்றைக்கு அந்த மூடியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு கோணிச்சாக்கைச் சுருட்டி, மேலே இருந்த பொந்தில் முழங்கை மறைகிற அளவுக்குத் திணித்து அடைத்தாள். சிக்கனத்துக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். வகுப்பில் அடுப்படிக்குக் காற்று போய்வர வேண்டும் என்றும் சொன்னார்கள், அதை மட்டும் மறந்துவிட்டாள்.

நாலாம் வீட்டில் உலை நின்றுபோனது. வளவு இதற்கும் பழகிக்கொண்டது. “வந்தது போச்சு, நம்ம குழாய்த் தண்ணி மாதிரி,” என்று பேராச்சி பால் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், முட்டைக்காரர்கள் முட்டையோடு போனார்கள். “கனி திருந்திட்டா, இனிமே ஒரு சிலிண்டர் ரெண்டு மாசம் வருமாம்,” என்று குழாயடியில் மெச்சினார்கள். புஷ்பத்தின் வீட்டில் வேறு அடுப்பு கிடையாது என்பதை எல்லோரும் அறிவார்கள், அறிந்ததை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. சொன்னால் யாராவது ஏதாவது செய்ய வேண்டி வருமே.

மூணாம் வீட்டு அடுப்படி மூச்சுமுட்டத் தொடங்கியது. ஆவி போக வழியில்லாமல் கூரையில் கோத்து நின்று, அவள் தலையிலேயே சொட்டியது. நேற்றைய சாம்பார் வாசனை போகாமல் நின்று இன்றைய ரசத்தை வரவேற்றது. ஒரு நாள் மிளகாய் வறுத்தாள், அந்தக் காரம் மூன்று நாள் வெளியே போகவில்லை, தூங்கும்போதும் இருமினாள். சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்பு ஏறியது. அவள் கண் சிவந்து கிடந்ததைப் பார்த்துப் பேராச்சி, “என்ன கனி, அழுதியா?” என்று கேட்டாள். “புகை மதினி,” என்றாள் சண்முகக்கனி, பொய்யும் இல்லை.

ஆனால் புகையைத் தாங்கிக்கொள்ளலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு, கம்பெனியிலிருந்து வந்ததும், புஷ்பம் உலைப்பானையை ஏற்றி அகப்பையால் தட்டுகிற சத்தம் இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சண்முகக்கனி இருபது வருஷமாகப் பொங்குகிறவள். கொதிக்கிற உலையில் அகப்பை படுகிற சத்தம் ஒன்று, பச்சைத் தண்ணீரில் படுகிற சத்தம் வேறு. முதல் நாள் டிவியைச் சத்தமாக வைத்தாள். இரண்டாம் நாள் அரைக்க ஒன்றுமில்லாமலே மிக்சியை ஓடவிட்டாள். மூன்றாம் நாள் கோயிலுக்குப் போனாள், அம்மன் முகத்தைப் பார்க்க முடியாமல் பாதியில் எழுந்து வந்தாள். தினமும் சாக்கைப் பார்ப்பாள், ஸ்டூலைப் பார்ப்பாள். இன்றைக்கு எடுத்தால் நேற்றே ஏன் எடுக்கவில்லை என்று தன் மனசே கேட்குமே என்று எடுக்காமல் விட்டாள். இப்படியே எட்டு நாள் போனது. வைக்கோல்போர் நாயாவது குரைத்துத் தொலைக்கும், இவள் அதுவும் செய்யவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் குழாயடியில் பேராச்சி பேச்சுவாக்கில் சொன்னாள்: “பாவம், விடியக்காலைலயே ரேஷன் அரிசியத் தண்ணியில ஊறப்போட்டுட்டு வேலைக்குப் போறா. சாயங்காலம் வரைக்கும் ஊறுனா பல்லுக்கு வரும்ங்கா.” சண்முகக்கனி குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று சாயங்காலமும் அகப்பை தட்டியது. பிறகு தட்டு வைக்கிற சத்தம். பிறகு சூசையின் குரல், படுத்தே கிடக்கிறவனின் ஒல்லிக் குரல்தான், ஆனால் அதை உந்தித் தள்ளி, சுவருக்குக் கேட்கிற மாதிரி, வளவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்: “ஆகா, இன்னைக்குச் சோறு பூப்போல வெந்திருக்கு புஷ்பம்!”

சொன்னபிறகு வெகுநேரம் மெல்லுகிற சத்தம் கேட்டது.

சண்முகக்கனி ஸ்டூலில் ஏறிச் சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். ஒன்பது நாள் புகையும் மொத்தமாகப் பொந்துக்குள் பாய்ந்து போனது. இறங்கி வந்து இரண்டு அடுப்பையும் முழுத் தீயில் வைத்தாள், பானைகளின் மூடியை எடுத்துத் தரையில் வீசினாள், தண்ணீர் மட்டும் ஊற்றி, பழைய சண்முகக்கனியாக, பொங்கு பொங்கு என்று பொங்கவிட்டாள். சுவரில் காதை வைத்துக் கேட்டாள். அந்தப் பக்கம் ஒன்றும் கொதிக்கவில்லை. இன்னும் கேட்டாள். “போ, போயேன்,” என்று வாய்விட்டுச் சொன்னாள், சோளக்கொல்லையில் மாட்டை விரட்டுகிற மாதிரி. ஊற்றிய தண்ணீர் வற்றி, அடி கறுத்து, பாத்திரம் நெளிந்தது. நாலாம் வீட்டுப் பானை பச்சைத் தண்ணீராகவே கிடந்தது. வீணாகப் போனபோதெல்லாம் கேட்காமல் போன சூடு, வேண்டுமென்று அனுப்பினால் போகமாட்டேன் என்றது. ஏனென்று யாரைக் கேட்பது?

வேறு வழியில்லை, கால்தான் போக வேண்டும். சண்முகக்கனி தன் வீட்டுச் சோற்றை ஒரு தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மூணாம் வீட்டுக்கும் நாலாம் வீட்டுக்கும் எட்டடி இருக்கும், ஆனால் குழாயில் அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது, பத்து வீட்டு ஆட்களும் குடத்தோடு முற்றத்தில் நின்றார்கள், எல்லோர் கண்ணும் தூக்குவாளியின் மேலேயே வந்து நின்றது.

“வாங்க மதினி,” என்று புஷ்பம் எழுந்து வந்தாள். “இப்பத்தான் சோறு வடிச்சு இறக்குனேன். ஒரு வாய் சாப்பிடுதீகளா?”

கட்டிலில் சூசை தட்டை மடியில் வைத்திருந்தான். தண்ணீருக்குள் அரிசி, சோறாகாமல், முழுசுமுழுசாகக் கிடந்தது. சண்முகக்கனி பார்ப்பதைப் பார்த்ததும் அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தட்டின் மேல் போட்டு மூடினான். அந்தத் துண்டைப் பார்த்தபோது சண்முகக்கனிக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. கையிலிருந்த தூக்குவாளியை முந்தானைக்குள் மறைத்தாள். இப்போதுதான் வடித்திறக்கினேன் என்கிறவளிடம் சோற்றை நீட்டுவது எப்படி?

“புஷ்பம்,” என்றாள். “அந்தப் பொந்த நான்தான்…”

“தெரியும் மதினி,” என்றாள் புஷ்பம், முற்றத்துக்குக் கேட்காமல், மெதுவாக. “மறுநாளே பாத்தேன். சாக்கு இந்தப் பக்கம் ஒரு சாண் நீட்டிக்கிட்டுக் கிடந்துச்சு.”

சண்முகக்கனி நிமிர்ந்தாள். “ஸ்டூல் போட்டா எட்டுற தூரம்தானே புள்ள? இழுத்துப் போட்டிருக்கலாம்ல?”

“அது உங்க வீட்டுச் சாக்காச்சே மதினி.”

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. ரேஷன் கடையில் வரிசை எங்கே முடிகிறது என்று கேட்டவருக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். சண்முகக்கனி, தனக்கு அழவும் யோக்கியதை இல்லை என்று தோன்றி, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன புஷ்பம், என்னத்துக்கு வந்திருக்கா கனி?” என்று பேராச்சி குழாயடியிலிருந்து குரல் கொடுத்தாள். வளவு முழுக்கப் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. புஷ்பம் வாயெடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், சண்முகக்கனி அந்த வளவில் தலைகாட்ட முடியாது, அதை அவளே நியாயம் என்றுதான் நினைத்திருப்பாள்.

புஷ்பம் உள்ளே போனாள். அடுப்பில் இருந்த உலைப்பானையை, பச்சைத் தண்ணீரும் மிச்ச அரிசியுமாக, தூக்கிக்கொண்டு வந்து சண்முகக்கனியின் இடுப்பில் ஏற்றினாள். பிறகு முற்றத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “ஒண்ணுமில்ல மதினி! கனி மதினி சிக்கனம் படிச்சுட்டு வந்திருக்காகல்ல? ரெண்டு வீட்டு உலையும் ஒரே அடுப்புல வச்சா கேஸ் மிச்சமாம். இனிமே எங்க பானையையும் சேத்து வைக்கணும்னு கேட்டு வந்திருக்காக.”

“அட, இது நல்ல யோசனையால்ல இருக்கு!” என்றாள் பேராச்சி. ஆறாம் வீட்டுக்காரி, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்றாள். எட்டாம் வீட்டுக்காரர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “செல்லச்சாமி குடுத்துவச்சவன்யா,” என்றார். விளையாடிவிட்டு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் விஷயம் என்னவென்று கேட்க, கனி அத்தை நாலாம் வீட்டுக்கும் சேர்த்துப் பொங்கப் போகிறாள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், வளவு ஒருவாயாக அவளை மெச்சியது, பதினொரு வருஷத்தில் அவள் காது கேட்டிராத மெச்சல்.

சண்முகக்கனி எட்டடியையும் நடந்தாள். இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வாய் வந்துவந்து போனது, சொன்னால் புஷ்பத்தின் வார்த்தை பொய்யாகுமே என்று விழுங்கினாள். பானையிலிருந்த பச்சைத் தண்ணீர் தளும்பித் தளும்பி அவள் சேலையை நனைத்தது. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், “நல்லாரு தாயி” என்று பின்னாலேயே வந்த குரலுக்குத் திரும்பாமல், அவள் மூணாம் வீட்டுக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.